பெரும் பணக்காரருக்கு வரி: மறுபடியும் கேட்க வேண்டிய கேள்வி

2025 நவம்பர் 30 வாக்கெடுப்பில் சுவிஸ் மக்களில் 78.3 சதவீதத்தினர் 'வேண்டாம்' என்று எழுதினார்கள். 50 மில்லியன் பிராங்குக்கு மேற்பட்ட சொத்து வாரிசுகளுக்குப் போகும்போதும் அன்பளிப்பாகக் கைமாறும்போதும், அந்த எல்லைக்கு மேலுள்ள தொகையில் பாதியை வரியாக எடுத்துக் காலநிலைப் பணிகளுக்குச் செலவிடலாமா என்பதுதான் கேள்வி. இளம் சோசலிஸ்டுகள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்த முன்மொழிவு அது. ஒரு மாநிலத்தில்கூட அது வெல்லவில்லை. நான் 'ஆம்' என்று எழுதினேன். தோற்றது எனக்கு வருத்தம். இவ்வளவு மோசமாகத் தோற்றது அதைவிடப் பெரிய வருத்தம்.

முடிவு வந்ததும் எனக்குத் தெரிந்த இளையவர்கள் பலர் கொதித்தார்கள். இந்த நாட்டு மக்களுக்குத் தங்கள் நன்மை எது என்று தெரியவில்லை என்றார் ஒருவர். பணக்காரர்களின் விளம்பரத்துக்கு மயங்கிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. 'வேண்டாம்' என்று எழுதிய மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதுதான் என் வேலை.

சூரிச் மாநிலத்தில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். உணவகச் சமையற்கூடங்களிலும் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைச் சலவைக்கூடங்களிலும் உழைப்பவர்கள். சம்பளச் சான்றிதழ், வங்கியின் ஆண்டிறுதிக் கூற்று, மருத்துவக் காப்புறுதிப் பற்றுச்சீட்டு, பிள்ளைகள் காப்பகத்துக்குக் கட்டிய பணத்தின் விவரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் இதைக் கேட்டால் வியப்படைகிறார்கள்: இந்த நாட்டில் ஒரு சாதாரணத் தொழிலாளி ஆண்டுதோறும் தன் சொத்து முழுவதையும் எழுதிக் கொடுக்கிறார். டிசம்பர் 31 அன்று வங்கியில் இருந்த பணம், ஆயுள் காப்புறுதியின் மீட்புப் பெறுமதி, கார் வாங்கிய ஆண்டும் விலையும், வேறொரு நாட்டில் காணி இருந்தால் அதுவும் அந்தப் படிவத்தில் வர வேண்டும்.

அதற்குக் காரணம், சுவிற்சர்லாந்தில் சொத்து வரி ஏற்கெனவே இருக்கிறது. எல்லா மாநிலங்களும் நிகர சொத்துக்கு ஆண்டுதோறும் வரி வாங்குகின்றன. சூரிச்சில் ஒருவருக்குச் சுமார் 80,000 பிராங்க் வரை வரி இல்லை, தம்பதிகளுக்கு அதன் இரு மடங்கு. அதற்கு மேலே படிப்படியாக ஏறி, மிகப் பெரிய சொத்துகளுக்கு மாநகரில் ஆயிரம் பிராங்குக்கு ஆறு பிராங்க் சொச்சம் வருகிறது. நிட்வால்டன் மாநிலத்தில் அது ஆயிரத்துக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஜெனிவாவில் எட்டைத் தாண்டி நிற்கிறது. வளர்ந்த நாடுகளில் சொத்து வரி மூலம் தேசிய வருமானத்தின் அளவுக்கு ஒப்பிட இவ்வளவு திரட்டும் நாடு வேறு இல்லை என்றே சொல்லலாம். பணக்காரரின் சொத்தை மதிப்பிடவே முடியாது என்று பல நாடுகளில் இன்னும் வாதாடுகிறார்கள். இங்கே பங்குச்சந்தையில் இல்லாத ஒரு குடும்பக் கம்பனியின் பங்குக்கு என்ன விலை போடுவது என்பதற்கே மாநில வரி அதிகாரிகளின் மாநாடு வெளியிட்ட 28ஆம் இலக்கச் சுற்றறிக்கை இருக்கிறது. கம்பனியின் இலாபத்தை வைத்துக் கணக்கிட்ட பெறுமதியை இரு தடவையும், அதன் சொத்தை வைத்துக் கணக்கிட்ட பெறுமதியை ஒரு தடவையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். அந்தக் கணக்கு எப்போதும் நியாயமான விலையைத் தருகிறது என்று நான் சொல்லவில்லை. இலாபமே காணாத புதுக் கம்பனிகளின் சொந்தக்காரர்கள் அதனால் சிரமப்பட்டதும் உண்டு. ஆனாலும் வழி இருக்கிறது, அது நடைமுறையில் இருக்கிறது, அதை நானே செய்திருக்கிறேன்.

அப்படியானால் மக்கள் ஏன் மறுத்தார்கள்?

நவம்பர் மாதத்தில் ஓர் அண்ணா அலுவலகத்துக்கு வந்தார். ஒரு உணவகத்தின் சமையற்கூடத்தில் நெடுங்காலம் வேலை செய்பவர். காலக்கெடுவை நீடித்து வாங்கியிருந்த வரிப் படிவத்தை முடிக்க வந்திருந்தார். அவர் கொண்டுவந்த பையில் வங்கிக் கடிதங்களோடு வாக்குச்சீட்டு வந்த உறையும் சிவப்புக் கையேடும் இருந்தன. படிவம் முடிந்ததும் அதை எடுத்து மேசையில் வைத்து, "தங்கச்சி, இதில் என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டார். யாருக்கும் வாக்கு எப்படிப் போட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. கேள்வி என்ன என்பதை மட்டும் விளக்கினேன்.

அவருக்கு ஒரு சிறிய அடுக்குமாடி வீடு இருக்கிறது. அதில் பெரும்பகுதி வங்கிக்கு இன்னும் கடன். "நான் செத்தால் பிள்ளைகளுக்குப் போவதில் பாதியை எடுப்பார்களாமே" என்றார். 50 மில்லியன் எவ்வளவு என்று அவருக்குப் புரியும்படி சொல்ல, அவருடைய சம்பளச் சான்றிதழையே எடுத்தேன். அந்த ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பிராங்கும் செலவழிக்காமல் சேர்த்துவைத்தாலும், 50 மில்லியனைத் தொட எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அவர் கணக்கைப் பார்த்தார், தலையாட்டினார். புரிந்துவிட்டது. பிறகு சொன்னார்: "இன்றைக்கு 50 மில்லியன் என்பார்கள். நாளைக்கு 5 என்பார்கள். அடுத்த நாள் எங்களிடம் வருவார்கள்."

அந்த எல்லை அரசியலமைப்பில் எழுதப்படும், அதைக் குறைக்க வேண்டுமென்றால் மறுபடியும் மக்களிடமும் மாநிலங்களிடமும் கேட்டே ஆக வேண்டும் என்று சொன்னேன். அது உண்மை. அதற்கு அவர் சொன்ன பதில் இன்றுவரை என்னோடு இருக்கிறது. "எங்கள் காணிக்கும் உறுதிப் பத்திரம் இருந்தது, தங்கச்சி."

அவருடைய தகப்பனாரின் காணி இலங்கையில், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990இல் அந்தப் பகுதி மக்கள் வெளியேறினார்கள், பின்னர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் அங்கே வந்தது. சில இடங்கள் பின்னாளில் விடுவிக்கப்பட்டன. அவருடைய காணி விடுவிக்கப்படவில்லை. அந்தக் காணியை நான் ஆண்டுதோறும் இங்குள்ள வரிப் படிவத்தில் எழுதுகிறேன். வெளிநாட்டுச் சொத்து என்ற பகுதியில், உரிமையாளர் பெயர் போட்டு, பெறுமதி என்ற இடத்தில் பூச்சியம் இட்டு, 'உரிமையாளர் நுழைய முடியாத நிலம்' என்று ஒரு கடிதம் இணைக்கிறேன். பெயருக்கு உறுதி இருந்தும் கால் வைக்க முடியாத காணி அது. அப்படி இழந்த ஒரு மனிதரிடம் 'அரசு உங்களுடையதைத் தொடாது, சட்டத்தில் எழுதியிருக்கிறது' என்று நான் எப்படி வாதாடுவது? அவர் அறியாமையால் 'வேண்டாம்' என்று எழுதவில்லை. விளம்பரத்தைப் பார்த்தும் எழுதவில்லை. வாழ்ந்து அறிந்ததை வைத்து எழுதினார்.

நம்மவர்களின் கதை தனி என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த நாட்டவர்களுக்கும் அவரவர் காரணங்கள் உண்டு. பேர்ண் பக்கத்து விவசாயி பண்ணையை மகனுக்குக் கொடுக்கும் நாளை நினைக்கிறார். நாற்பது பேருக்கு வேலை கொடுக்கும் தச்சுப் பட்டறைக்காரர் தன் பட்டறைக்கு என்ன விலை போடுவார்களோ என்று யோசிக்கிறார். அவர்கள் எவரும் 50 மில்லியனுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் கேள்வி எழுதப்பட்ட விதம் அவர்களுக்கும் அச்சத்தைக் கொடுத்தது, முன்மொழிந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான் என்பது என் எண்ணம்.

கேள்வியில் மூன்று முட்கள் இருந்தன. முதலாவது, 50 சதவீதம். பாதி என்றதும் கேட்பவர் மனம் மூடிக்கொள்கிறது, யாருடைய பாதி என்ற இரண்டாம் கேள்விக்கு அது போவதேயில்லை. இரண்டாவது, வாக்கெடுப்பு நிறைவேறும் நாளிலிருந்தே வரி செல்லும், சட்டம் அதன் பிறகுதான் எழுதப்படும் என்ற பின்னோக்கிய விதி. 2024 கோடையில் ரயில் தயாரிக்கும் ஸ்டாட்லர் கம்பனியின் பெரும் பங்குதாரர் பேட்டர் ஸ்பூலர், தன் வாரிசுகள் ஒன்றரை முதல் இரண்டு பில்லியன் பிராங்க் கட்ட வேண்டிவரும், ஆகவே வாக்கெடுப்புக்கு முன்பே நாட்டைவிட்டுப் போக நேரிடும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பேச்சுக்கு வலுக் கொடுத்தது பின்னோக்கிய விதிதான். வெளியேறுபவர்களைத் தடுக்கும் நடவடிக்கைகள் பின்னோக்கிச் செல்லாது என்று கூட்டாட்சி அரசு பிறகு விளக்கியது. அதற்குள் பேச்சு ஊரெங்கும் பரவிவிட்டது. மூன்றாவது, பணம் எங்கே போகும் என்பது. சமூக நீதியோடு கூடிய காலநிலைக் கொள்கைக்கு என்றார்கள். எனக்கு அது நல்ல காரணம். ஆனால் கையேட்டைப் படிக்கும் ஒரு தாதிக்கு அதனால் தன் வாடகையில், தன் ரயில் டிக்கெட்டில், தன் தாயின் ஓய்வூதியத்தில் என்ன மாறும் என்று தெரியவில்லை.

சுவிஸ் மக்கள் வரி என்றாலே மறுப்பவர்கள் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. வாக்கெடுப்புகளின் பழைய பதிவுகளைப் புரட்டினால் அது நிற்காது. 1915 ஜூன் 6 அன்று போர்க்காலச் செலவுக்காக வருமானத்துக்கும் சொத்துக்கும் ஒரு தடவை வரி விதிக்கலாமா என்று கேட்டார்கள். 94.3 சதவீதம் 'ஆம்'. எல்லையில் படை நிற்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள், செலவு இருப்பது தெரிந்தது. ஏழே ஆண்டுகள் கழித்து, 1922 டிசம்பர் 3 அன்று, சோசலிஸ்டுகள் 80,000 பிராங்குக்கு மேற்பட்ட சொத்துகள் மீது 8 சதவீதத்தில் தொடங்கி 60 சதவீதம் வரை ஏறும் ஒரு தடவை வரியைக் கொண்டுவந்தார்கள். வாக்களிக்க உரிமை இருந்தவர்களில் 86 சதவீதத்துக்கும் அதிகமானோர் வந்து வாக்களித்தார்கள். 87 சதவீதம் 'வேண்டாம்'. கூட்டாட்சி வாக்கெடுப்புகளில் அந்த அளவு வருகை அதற்குப் பிறகு ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டு நாட்களிலும் பெண்கள் வாக்களிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அந்த உரிமை கூட்டாட்சி அளவில் 1971இல்தான் கிடைத்தது. இன்றுகூட இங்கே வாழ்பவர்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் குடியுரிமை இல்லாததால் வாக்களிக்க முடியாது. வரி மட்டும் அவர்களுக்கும் உண்டு.

அண்மைய வாக்கெடுப்புகளிலும் இதே ஓட்டத்தைக் காண்கிறேன். 2015 ஜூன் 14இல் இரண்டு மில்லியனுக்கு மேற்பட்ட வாரிசுச் சொத்துக்கு 20 சதவீதம் என்று கேட்டார்கள். பணத்தின் பெரும்பகுதி ஏஎச்வி எனப்படும் முதியோர் ஓய்வூதியத்துக்குப் போகும் என்ற தெளிவான நோக்கம் அதில் இருந்தது. ஆனாலும் 71 சதவீதம் மறுத்தது. சூரிச் ஏரிக்கரையில் ஒரு பழைய வீடு இருந்தாலே இரண்டு மில்லியனைத் தாண்டிவிடும். அதோடு 2012 முதல் கொடுத்த அன்பளிப்புகளையும் பின்னோக்கிச் சேர்ப்போம் என்று அதிலும் எழுதியிருந்தார்கள். 2021 செப்டெம்பர் 26இல் மூலதன வருமானத்துக்கு ஒன்றரை மடங்கு வரி என்ற முன்மொழிவு 64.9 சதவீதத்தால் தோற்றது. எந்தத் தொகைக்கு மேல் என்பதை அரசியலமைப்பு வாசகத்தில் அவர்கள் எழுதவில்லை, நாடாளுமன்றம் தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். தான் உள்ளே இருக்கிறேனா வெளியே இருக்கிறேனா என்று தெரியாதவர் 'வேண்டாம்' என்று எழுதுவது இயல்பு.

இனி இதைப் பாருங்கள். 2022 செப்டெம்பர் 25இல் ஏஎச்விக்காக, பொருள்களின் விலையோடு சேர்த்துக் கட்டும் பெறுமதி சேர் வரியைக் கூட்டலாமா என்று கேட்டபோது 55.1 சதவீதம் 'ஆம்'. 7.7 சதவீதமாக இருந்தது 2024 தொடக்கத்திலிருந்து 8.1 ஆனது. பாலும் அரிசியும் சற்றுக் குறைந்த வீதத்தில் வந்தாலும், அந்த வரியைக் கட்டாதவர் இந்த நாட்டில் எவரும் இல்லை. அதே நாளில் பெண்களின் ஓய்வு வயதை 65ஆக உயர்த்தியதும் 50.5 சதவீதத்தில் நிறைவேறியது. நானும் அதனால் ஓராண்டு கூடுதலாக உழைக்க வேண்டியவள். தம் பையிலிருந்து போகும் வரியைக் கூட்டிக்கொள்ள 'ஆம்' என்று எழுதிய மக்கள்தான் இவர்கள். கூட்டியது அரைச் சதவீதத்துக்கும் குறைவு, போகும் இடம் ஏஎச்வி, பின்னோக்கிய விதி எதுவும் இல்லை. பிறகு 2024 மார்ச் 3இல் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியத்துக்கு 58.2 சதவீதம் 'ஆம்' என்றார்கள். அரசும் நாடாளுமன்றப் பெரும்பான்மையும் எதிர்த்தும் அது வென்றது.

அமெரிக்காவிலும் இதைக் காண முடியும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2022 நவம்பர் 8இல் ஆண்டுக்கு ஒரு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 4 சதவீத மேல்வரி கேட்டார்கள். பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் மட்டுமே என்று எழுதினார்கள். சுமார் 52 சதவீதத்தில் நிறைவேறியது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச உணவுக்கு அதிலிருந்து பணம் போகிறது. அது வருமானத்துக்கான வரி, சொத்துக்கானது வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாக்காளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து கற்கலாம். கலிபோர்னியாவில் ஒரு பில்லியன் டொலருக்கு மேல் உள்ளவர்களிடம் ஒரே தடவை 5 சதவீதம் என்ற முன்மொழிவுக்கும், 2026 ஜனவரி 1இல் அங்கே வசித்தவர்கள் எல்லோரும் உள்ளே என்ற திகதி விதிதான் பெரும் சண்டையானது.

இனி, 'ஓடிவிடுவார்கள்' என்ற வாதம். இதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். இங்கே இடம் மாறுவது மிக எளிது. சூரிச் ஏரியின் தென்கரையில் மாநில எல்லையைத் தாண்டினால் ஷ்விட்ஸ் மாநிலத்தின் வொல்லராவ், அங்கே வரி குறைவு. நகர ரயிலிலேயே போய்விடலாம். அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். லுசேர்ன் மாநிலம் 2009இல் சொத்து வரியைப் பாதியாகக் குறைத்தது. அடுத்த ஆண்டுகளில் அங்கே அறிவிக்கப்பட்ட சொத்து பெருமளவு கூடியதை லோசான், பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அந்த உயர்வில் மற்ற இடங்களிலிருந்து குடிவந்தவர்களின் பங்கு கால்பங்கு அளவுதான் என்றும் அவர்களே சொன்னார்கள். வீட்டு விலை ஏறியது ஒரு பங்கு. எஞ்சியதில் பெரும்பகுதி ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் கணக்கில் ஏறிய சொத்து. இன்னொன்றும் சொல்கிறேன். ஜெனிவாவின் வீதம் நிட்வால்டனின் வீதத்தைப் போல் பல மடங்கு. வித்தியாசம் ஆண்டுக்கு ஏறத்தாழ முக்கால் சதவீதம். நாடு மாற வேண்டாம், கடவுச்சீட்டு வேண்டாம். ஆனாலும் ஜெனிவாவின் பணக்காரர்கள் இன்னும் ஜெனிவாவில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி, நண்பர்கள், தொழில், ஏரி எல்லாம் அங்கே. ஆண்டுக்கு அரைச் சதவீதத்துக்காக எல்லாவற்றையும் விட்டுப் போவது ஒன்று, செத்த நாளில் பாதி என்பதற்காகப் போவது வேறொன்று.

இதை வைத்துத்தான் கணக்கொன்று போட்டேன். கூட்டாட்சி அரசு இந்த வாக்கெடுப்புக்காகக் கொடுத்த மதிப்பீட்டின்படி 50 மில்லியனுக்கு மேல் சொத்துள்ள வரி செலுத்துவோர் சுமார் 2,500 பேர். அவர்களின் மொத்தச் சொத்து சுமார் 500 பில்லியன் பிராங்க். ஒவ்வொருவருக்கும் முதல் 50 மில்லியனை விட்டுவிட்டால் 125 பில்லியன் கழிகிறது, மிஞ்சுவது 375 பில்லியன். அதில் ஆண்டுக்கு அரைச் சதவீதம் என்றால் 1.9 பில்லியன் பிராங்க். பதின்மூன்றாவது ஓய்வூதியத்துக்கு ஆண்டுக்கு நான்கு பில்லியனுக்கு மேல் தேவை. கிட்டத்தட்டப் பாதி வந்துவிடுகிறது. சிலர் போவார்கள், சிலர் சொத்தைப் பிரித்து எழுதுவார்கள். போகிறவர்கள் மாநிலத்துக்கு இப்போது கட்டும் வரியும் கூடவே போகும். ஆகவே 1.9 முழுமையாக வரும் என்று எவரிடமும் சொல்ல மாட்டேன். மூன்றில் ஒருவர் போய்விட்டால் இந்த வரியால் நாட்டுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம், அதுவும் மிஞ்சாமல் போகலாம். வாக்காளரிடம் இந்தக் கணக்கையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மறைத்தால் எதிர்த்தரப்பு எடுத்துச் சொல்லும், அப்போது நம் மற்ற எண்களையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

இந்த வரி ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீண்ட தத்துவம் இல்லை. நான் நிரப்பும் படிவங்கள் இருக்கின்றன. சமையற்கூடத்து அண்ணாவின் சம்பளத்தில் ஒவ்வொரு பிராங்குக்கும் 5.3 சதவீதம் ஏஎச்வியும் அதோடு சேர்ந்த காப்புறுதிகளும் பிடிக்கின்றன, முதலாளி அதே அளவு கட்டுகிறார். பெரிய சம்பளக்காரருக்கும் அதற்கு உச்சவரம்பு இல்லை, அது இந்த நாட்டின் பெரிய நியாயங்களில் ஒன்று. ஆனால் பணம் சம்பளமாக வராமல் பங்கு இலாபமாக வந்தால் அந்தப் பிடிப்பு இல்லை. தனிமனிதர் பங்குகளை விற்று அடையும் இலாபத்துக்கு வருமான வரியே இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் பெற்றோர் விட்டுச்செல்லும் சொத்துக்குப் பிள்ளைகள் ஒரு சதமும் கட்டுவதில்லை. நாட்டின் சொத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமான பங்கு ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது. ஆண்டுச் சொத்து வரி ஒன்றுதான் அந்தக் கைகளை நேராகத் தொடுகிறது, அதையும் மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் குறைத்துக்கொண்டே போகின்றன. கூட்டாட்சி அரசு தனிமனிதரின் சொத்துக்கு வரி வாங்குவதில்லை. கீழ் எல்லையைக் கூட்டாட்சி போட்டுவிட்டால் அந்தப் போட்டிக்கு ஒரு தரை கிடைக்கும்.

நான் கையெழுத்திடும் கேள்வி இப்படி இருக்க வேண்டும். 50 மில்லியனுக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆண்டுக்கு அரைச் சதவீதக் கூட்டாட்சி வரி. 50 மில்லியன் என்ற எண்ணும் அரை என்ற எண்ணும் அரசியலமைப்பில். சட்டம் நடைமுறைக்கு வந்த அடுத்த ஆண்டிலிருந்து மட்டும். பணம் முழுவதும் ஏஎச்விக்கு. கம்பனியில் சொத்து முடங்கியிருந்து கையில் காசில்லாதவர், சில ஆண்டுகள் வட்டியோடு தள்ளிக் கட்டலாம். இவ்வளவுதான். கையேட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

அரைச் சதவீதம் போதாது என்று இளையவர்கள் என்னோடு சண்டைபிடிக்கிறார்கள். காலநிலை காத்திருக்காது என்று என் மகள் சொல்கிறாள். அவள் சொல்வது சரி. ஆனால் நவம்பரில் கிடைத்த 21.7 சதவீத 'ஆம்' வாக்கால் ஒரு மரமும் நட முடியாது, ஒரு வீட்டுக்கும் வெப்பக்காப்புப் போட முடியாது. ஆண்டுக்கு அரைச் சதவீதம் ஒருமுறை நடைமுறைக்கு வந்து, விவசாயியின் பண்ணையையும் தச்சரின் பட்டறையையும் அது தொடவில்லை என்பதை மக்கள் சில ஆண்டுகள் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த கேள்வியை வேறொரு குரலில் கேட்கலாம்.

படிவத்தில் ஒப்பமிட வந்த நாளில் இந்தக் கணக்கை அண்ணாவிடமும் காட்டினேன். அவர் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏஎச்விக்கு என்றால் யோசிக்கலாம்" என்றார். உடனே, "ஆனால் அந்த 50ஐ அவர்கள் மாற்றக் கூடாது" என்றும் சொன்னார். மாற்றுவதென்றால் உங்களிடம்தான் வந்து கேட்க வேண்டும், அப்போது நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதலாம் என்றேன். "எழுதுவேன்" என்றார்.

பதின்மூன்றாவது ஓய்வூதியத்துக்குப் பணம் எங்கிருந்து என்ற விவாதத்தில் பெறுமதி சேர் வரியைக் கூட்டுவதும் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிப்பதும்தான் முன்னணியில் இருக்கின்றன. பெறுமதி சேர் வரியைக் கூட்ட மக்களின் வாக்குக் கட்டாயம் வேண்டும். அந்த வாக்கெடுப்பு வரும் நேரத்தில் மேலே எழுதியதைப் போன்ற ஒரு முன்மொழிவும் கையெழுத்துக்கு வந்தால், பதினெட்டு மாதத்தில் ஒரு இலட்சம் கையெழுத்து வேண்டும். என் பங்குக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு ரயில் நிலைய வாசலில் நிற்க ஆயத்தமாக இருக்கிறேன். வாக்குரிமை உள்ள நம்மவர்கள் யாராவது சேர்ந்து நிற்க விரும்பினால் எழுதுங்கள்.